புது மனைப்பிரிவில் தண்ணீர் தட்டாமல் இருக்க: கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் வழிகள்

காரைக்குடியிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் மனைக்கல் ஊன்றிய செம்மண் பொட்டல்கள் கண்ணில் படுகின்றன. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை ரஸ்தா என்று ஊருக்கு ஊர் புது மனைப்பிரிவு. விளம்பரத் தட்டியில் ‘சுவையான நிலத்தடி நீர்’ என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், மூலையில் ஒரு போர் போட்டிருக்கிறார்கள் என்பதுதான். பத்து வீடு இருக்கும்வரை அந்த போர் தாங்கும். அறுபது வீடு எழும்பி, ஆளாளுக்கு ஒரு போர் போட ஆரம்பித்த பிறகு, சித்திரை வைகாசியில் லாரித் தண்ணீருக்கு போன் போட்டுக் காத்திருக்கும் நிலைமை வந்துவிடும்.

மனை வாங்கி இன்னும் வீடு கட்டாதவர்கள், புதிதாகக் குடியிருப்போர் சங்கம் ஆரம்பிப்பவர்கள், ஐம்பது நூறு மனை அளவில் லே-அவுட் போடும் சிறு புரமோட்டர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி ஒன்றுமே தெரியாது என்ற இடத்திலிருந்தே தொடங்கலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் வாங்குவது இதில் சின்ன வேலை. வாணம் தோண்டுவதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து, நல்ல தண்ணீருக்கு ஒன்று, சுத்திகரித்த நீருக்கு ஒன்று என்று வீட்டுக்கு இரண்டு குழாய் போட முடிவெடுப்பதுதான் பெரிய வேலை. அந்த முடிவை எடுத்துவிட்டால், சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டு வருடம் கழித்துக்கூடக் கட்டிக்கொள்ளலாம். எடுக்காமல் டைல்ஸ் ஒட்டிவிட்டால், அப்புறம் எவ்வளவு நல்ல நிலையம் கட்டினாலும் அந்தத் தண்ணீர் தோட்டத்தோடு நின்றுவிடும், வீட்டுக்குள் வராது.

முதலில் ஒரு கணக்கு

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. அதில் கழிப்பறை ஃபிளஷுக்கு மட்டும் 45 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பதும் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுதான்.

அறுபது வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 240 பேர். 135-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 32,400 லிட்டர் தேவை. வெளியேறும் கழிவுநீர் சுமார் 26,000 லிட்டர். ஃபிளஷுக்கு மட்டும் வேண்டியது 10,800 லிட்டர். பூங்காவுக்கு 900 சதுர மீட்டர் இடம் இருக்கிறது, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் ஊற்றுகிறோம் என்றால் 4,500 லிட்டர். இவை இரண்டும் போக இன்னும் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் மிச்சம். தெருவோர மரங்களுக்கும் கட்டட வேலைக்கும் போனது போக மீதியை எங்கே விடுவது என்பதுதான் பின்னால் கேள்வியாக வரும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஃபிளஷைச் சுத்திகரித்த நீருக்குத் திருப்பியதுமே நல்ல தண்ணீர்த் தேவை 32,400-லிருந்து 21,600 லிட்டராக இறங்கிவிடுகிறது. போர் காயும் மாதங்களில் அந்த மூன்றில் ஒரு பங்குதான் லாரிக்கும் நமக்கும் இடையே நிற்கிறது. மழைக்காலம், வெயில்காலம் என்று பாராமல் தினமும் வருகிற நீர் ஆதாரம் ஒரு குடியிருப்புக்கு இது ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போன வருடத்திலும் குளியலறையிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டேதான் இருக்கும்.

எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்க ஒரு ஊருணி, குளிக்கத் துவைக்க இன்னொன்று, மாடு குளிப்பாட்டக் கண்மாய் என்று தண்ணீரைத் தரம் பிரித்து வைத்திருந்த ஊர்கள் இவை. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள். வீட்டு முற்றத்தில் விழுந்த மழையை அண்டாவில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தெரு வடிகால் வழியாக ஊருணிக்குச் சேர்த்தார்கள். இப்போது நாம் எல்லா வேலைக்கும் ஒரே குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். சம்பை ஊற்றின் நல்ல தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் கழிப்பறைக் கோப்பைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கு மனது பொறுக்காத விஷயம் இது.

குடிக்க, சமைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க நல்ல தண்ணீர். ஃபிளஷ், புல்தரை, தென்னை, வாழை, வேம்பு, புங்கை, பூச்செடி இவற்றுக்குச் சுத்திகரித்த நீர். கீரை, கொத்தமல்லி, வெள்ளரி என்று பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் அதை ஊற்ற வேண்டாம். கட்டட வேலைக்கு எடுப்பதென்றால் குளோரைடு, சல்பேட் அளவைச் சோதனை செய்துவிட்டு எடுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டில் உப்பு இறங்கினால் பத்து வருடம் கழித்துத் துரு பேசும்.

‘சிங்கப்பூரில் இதைக் குடிக்கிறார்களே’ என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நம் ஊரில் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத தெரு ஏது? உண்மைதான். அங்கே 2003-லிருந்து நியூவாட்டர் என்ற பெயரில், சுத்திகரித்த கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் தாண்டவைத்து, பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்து, கொஞ்சத்தை நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968-லிருந்தே குடிநீருக்குப் பயன்படுத்துகிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினம் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் உயர்நிலை நிலையங்கள் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் தருகின்றன. இவையெல்லாம் ஒரு நகரமே பொறுப்பெடுத்து, ஆய்வகம் வைத்து, இரவு பகலாகக் கண்காணித்து நடத்துபவை. அறுபது வீட்டுச் சங்கம் அந்த வேலையில் இறங்கக் கூடாது. நமக்குப் பொருத்தமான முன்னுதாரணம் சிட்னிக்குப் பக்கத்திலுள்ள ரௌஸ் ஹில். அந்தப் புதுக் குடியிருப்புகளில் 2001-லிருந்து வீட்டுக்கு இரண்டு குழாய். ஊதா நிறக் குழாயில் வருவது ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும்.

இரண்டாவது குழாய்

இந்தப் பகுதியை ப்ளம்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வேண்டும். ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று சுத்திகரித்த நீர். தொட்டி நிறமே வேறாக இருக்கட்டும். சுத்திகரித்த நீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஊதா பெயின்ட் அடித்துவிட்டால் உலகம் முழுக்கப் புரியும். சுவருக்குள் புதைக்கும் இடத்தில் பெயின்ட் தெரியாது என்பதால், புதைக்கும் முன் போட்டோ எடுத்து, சுவர் முனையிலிருந்து எத்தனை அங்குலம் என்று எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து கீசர் மாட்ட வருகிற ஆளுக்கு அந்தப் போட்டோதான் துணை.

இனி சொல்வதுதான் மிக முக்கியம். நம் கழிப்பறைகளில் ஃபிளஷ் தொட்டிக்குப் பக்கத்திலேயே கழுவிக்கொள்ளும் கைத்தெளிப்பான் இருக்கும். வழக்கமாக ப்ளம்பர் என்ன செய்வார் என்றால், ஃபிளஷ் தொட்டிக்கு வரும் ஆங்கிள் காக்கையே இருவழி காக்காகப் போட்டு, ஒரு வழியைத் தொட்டிக்கும் இன்னொரு வழியைத் தெளிப்பானுக்கும் கொடுத்துவிடுவார். ஒரு குழாய், ஒரு துளை, வேலை சுலபம். இரண்டு குழாய் வீட்டில் இதைச் செய்தால், உடம்பில் படும் தண்ணீர் சுத்திகரித்த கழிவுநீர் ஆகிவிடும். மேலைநாட்டு வரைபடத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் அந்தத் தெளிப்பானே கிடையாது. ஆகவே ஒவ்வொரு கழிப்பறையிலும் ஃபிளஷுக்கு ஒரு முனை, தெளிப்பானுக்கும் வாளிக் குழாய்க்கும் தனி முனை. ஃபிளஷ் முனையில் ஒருவழி காக் மட்டும். வரைபடத்தில் எழுதி, வாயாலும் சொல்லி, வேலை முடிந்ததும் நேரில் போய்ப் பாருங்கள்.

பார்ப்பது எப்படி? சுத்திகரித்த நீர்த் தொட்டியில் கேசரி பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். எல்லா ஃபிளஷையும் இரண்டு முறை இழுத்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் தெளிப்பானையும் ஒவ்வொன்றாக வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். கோப்பையில் மட்டும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். வேறு எங்காவது லேசாகத் தெரிந்தாலும் எங்கேயோ இரண்டு குழாயும் கலந்திருக்கிறது. அடுத்ததாக, நல்ல தண்ணீர் வால்வை முழுக்க மூடிவிட்டு எல்லாக் குழாயையும் திறந்து வையுங்கள். குழாயில் மிச்சம் இருந்தது வடிந்த பிறகும் எதிலாவது ஒழுகிக்கொண்டே இருந்தால் அதுவும் கலப்புதான். குடிவரும் முன் ஒருமுறை, அப்புறம் யாராவது பாத்ரூமை இடித்துக் கட்டும்போதெல்லாம் ஒருமுறை செய்யுங்கள்.

சுத்திகரித்த நீர் போதாத நாளில் நல்ல தண்ணீரை அந்தத் தொட்டிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காக இரண்டு குழாயையும் ஒரு வால்வு வைத்து இணைப்பது பெரிய ஆபத்து. வால்வு ஒருநாள் கசியும். நல்ல தண்ணீர்க் குழாயைத் தொட்டியின் மேல்மட்டத்துக்கு உயரே, காற்றில் இடைவெளி விட்டு நிறுத்தி, மேலிருந்து விழும்படி அமையுங்கள். பின்னோக்கிப் போக வழியே இருக்காது.

தோட்டக் குழாய்களில் திருகுகைப்பிடி வேண்டாம், சாவி போட்டுத் திறக்கும் வகை வாங்குங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எந்தக் குழாயைப் பார்த்தாலும் வாய் வைப்பார்கள். பக்கத்தில் ‘இது குடிநீர் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசாமல் இதைச் செய்யாதீர்கள். ஒரு சங்கக் கூட்டத்தில் ஆச்சி ஒருவர், “ஏந்தம்பி, அந்தத் தண்ணி வீட்டுக்குள்ள வரலாமா? சாமி வீட்டுப் பக்கம் வராதில்ல?” என்று கேட்டார். “வராது ஆச்சி. வெளிச்சுவரோட இறங்கி நேரா கக்கூசுக்குள்ளதான் போகும். கழுவுறதுக்கும் நல்ல தண்ணிதான்” என்று பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். அவர் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. வெளிச்சுவர் வழியாகக் குழாயை இறக்குவது பழுது பார்க்கவும் வசதி. வரைபடத்தை விரித்துக் காட்டினால் முக்கால்வாசி எதிர்ப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த முறை நம் ஊருக்கு ஒத்துவரும்

எஸ்.டி.பி. என்று எல்லோரும் சொல்லும் நிலையத்தில் நடப்பது சுருக்கமாக இதுதான். கம்பிச் சல்லடையில் குப்பை தங்கும். அடுத்து எண்ணெய் பிரியும் தொட்டி. அப்புறம் ஏற்ற இறக்கமாக வரும் நீரைச் சமப்படுத்தும் தொட்டி. அதற்கடுத்த காற்றூட்டும் தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. தெளியும் தொட்டியில் அவை சேறாகக் கீழே படிய, மேலே தெளிந்த நீரை மணல் வடிகட்டி, கரி வடிகட்டி வழியாக விட்டு, குளோரின் அல்லது புற ஊதாக் கதிரால் கிருமி நீக்குவார்கள். எம்.பி.பி.ஆர்., எஸ்.பி.ஆர்., எம்.பி.ஆர். என்ற பெயர்களெல்லாம் காற்றூட்டும், தெளியவைக்கும் கட்டங்களைச் செய்யும் விதத்தில் உள்ள வேறுபாடுகள்தான். எம்.பி.ஆர். சவ்வு வைத்தே வடிகட்டிவிடுவதால் நீர் மிகத் தெளிவாக வரும். செலவும் பராமரிப்பும் அதற்கேற்றபடி கூடும்.

இன்னொரு வகை, மின்சாரம் அதிகம் கேட்காதது. படியவைக்கும் தொட்டி, காற்றில்லாமல் தடுப்புச் சுவர்களின் மேலும் கீழுமாக நீர் நகரும் தொட்டி, அதன்பின் ஜல்லி நிரப்பி கல்வாழையும் சம்பும் வளர்த்த படுகை, கடைசியில் வெயில் படும் ஒரு சிறு குளம். ஆரோவில்லில் இந்த வகை நிறைய ஓடுகிறது. இடம் அதிகம் வேண்டும். வெளியேறும் நீர் தோட்டத்துக்கு ஏற்றது. ஃபிளஷுக்கு எடுப்பதென்றால் கூடுதலாக வடிகட்டியும் குளோரினும் சேர்க்க வேண்டும்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், நான் முதலில் பதில்கேள்வியாகக் கேட்பது: உங்கள் மனைப்பிரிவில் எத்தனை வீடு வருடம் முழுக்கத் திறந்திருக்கும்? செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வீடு கட்டிப் பூட்டியிருக்கும். பொங்கலுக்கும் கோயில் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லா வீடும் ஒரே நாளில் திறக்கும். மற்ற நாளில் பத்து வீட்டுக் கழிவுநீர், அந்த வாரத்தில் அறுபது வீட்டுக் கழிவுநீர். காற்றூட்டும் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அழுக்குதான் சாப்பாடு. சாப்பாடு வராத மாதங்களில் அவை பட்டினியில் சாகும். திடீரென்று கொட்டும்போது மிச்சம் இருப்பவை திணறும். அறுபது வீட்டுக்கு என்று ஒரே பெரிய நிலையத்தை வாங்கிவைத்து, நாற்றம் தாங்காமல் சுவிட்சை அணைத்துவிட்ட குடியிருப்பை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தில் குறை இல்லை, கணக்கில்தான் குறை.

அதனால் இங்கே இரண்டு வழி. ஒன்று, நிலையத்தை இரண்டு சம பாதிகளாகக் கட்டுவது. இப்போது ஒரு பாதி ஓடும், வீடுகள் நிறைந்த பிறகு இரண்டாவது. இன்னொன்று, சமப்படுத்தும் தொட்டியைப் பெரிதாகக் கட்டிக்கொள்வது. வழக்கமாகச் சில மணி நேர நீருக்கு அமைப்பார்கள். இங்கே ஒரு முழு நாள் நீர் நிற்கும் அளவுக்குக் கேளுங்கள். இடம் தாராளமாக இருந்து, வீடுகள் அதிகம் பூட்டியிருக்கும் என்று தெரிந்தால் செடிப்படுகை முறை மேல். அது பட்டினியை இதைவிடப் பொறுமையாகத் தாங்கும். விற்க வருகிறவர் இதையெல்லாம் கேட்கமாட்டார். நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இடம், அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீட்டு இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் அந்தப் பூங்கா இடத்தில் நிலையத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்த பிறகு அது சங்கத்தின் இடம் இல்லை. எனவே லே-அவுட் வரைபடத்திலேயே, தாழ்வான மூலையில், நிலையத்துக்கென்று தனியாக ஒரு மனையை ஒதுக்குங்கள். தாழ்வான மூலை என்றால் கழிவுநீர் பம்ப் இல்லாமல் தானாக வந்து சேரும். அதே மூலை கண்மாய் வரத்துக்காலாக இருந்தால் கூடாது.

நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் லே-அவுட் ஒப்புதல், உள்ளாட்சியின் கட்டட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை ஆகிய மூன்றையும் பற்றி முன்கூட்டியே நேரில் விசாரித்துவிடுங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டும் நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம். அந்தப் பதிவில் புரமோட்டர் சுத்திகரிப்பு நிலையம் தருவதாகச் சொல்லியிருக்கிறாரா என்று வாங்குபவர் பார்க்கலாம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது சுற்றுப்புற ஊர்கள் சில அதற்குள் வந்திருக்கின்றன. உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வருமா, எப்போது வரும் என்று கேட்டுவிட்டு நிலையத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.

ஓட்டத் தொடங்கியபின்

புது நிலையத்தில் நுண்ணுயிர் இருக்காது. ஏற்கெனவே நன்றாக ஓடும் நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் சேற்றை வாங்கி ஊற்றுவது சிறந்த வழி. கிடைக்காவிட்டால் பசுஞ்சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். அதிலிருந்து நல்ல தண்ணீர் வர மூன்று நாலு வாரம் பிடிக்கும். அதுவரை வரும் நீரை ஃபிளஷுக்குத் திருப்ப வேண்டாம்.

நிலையம் நன்றாக இருக்கிறதா என்பதை ஆபரேட்டர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சங்கத்தில் யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை போய், ஒரு லிட்டர் கண்ணாடி அளவு ஜாடியில் காற்றூட்டும் தொட்டி நீரைப் பிடித்து, வெயில் படாத திண்ணையில் ஆடாமல் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். முதலில் ஜாடி முழுக்க ஒரே பழுப்பு. ஐந்து நிமிடத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோல் ஆகி, அந்தப் பழுப்பு மொத்தமாகக் கீழே இறங்கத் தொடங்கும். மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவு, அப்புறம் ஒரு சாண். அரை மணி முடியும்போது சேறு கால் பாகத்திலிருந்து அரைக்குள் நின்று, மேலே இருப்பது தெளிவாக இருந்தால் நலம். சேறு இறங்காமல் மேலேயே தொங்கினாலும், மேல்நீர் கலங்கலாகவே இருந்தாலும் ஆபரேட்டரிடம் கேளுங்கள். மூக்கும் உதவும். நல்ல தொட்டியில் மழை பெய்த மண் வாசம் வரும். கூமுட்டை நாற்றமும் கறுப்பு நிறமும் வந்தால் காற்று போதவில்லை. பெரும்பாலும் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க யாரோ இரவில் ஊதுகருவியை நிறுத்தியிருப்பார்கள்.

ஃபிளஷுக்கு விடும் நீரில் பி.ஓ.டி. (மக்கும் அழுக்கு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவு) லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள், கலங்கல் 2 அலகுக்குள், மலக்கிருமி இல்லாமல், குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவு மிச்சம் இருக்கும்படி கேளுங்கள். குளோரினை நீங்களே பார்க்கலாம். நீச்சல் குளக்காரர்கள் வைத்திருக்கும் சொட்டு மருந்தில் சில துளி விட்டால் மஞ்சள் நிறம் வரும். மற்றதற்கு மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, அறிக்கையைச் சங்கத்தின் தகவல் பலகையில் ஒட்டிவிடுங்கள். பலகையில் ஒட்டும் பழக்கம் இருக்கும் இடத்தில் ஆபரேட்டரும் ஒழுங்காக இருப்பார்.

கரைந்த உப்பை இந்த நிலையம் எடுக்காது. வீட்டுக்குள் போனதைவிட வெளியே வரும் நீரில் உப்பு கூடித்தான் இருக்கும். உப்பு போட்டு ஓட்டும் நீர் மென்மையாக்கி வைத்திருப்பவர்கள் அந்த உப்புக் கழிவைச் சாக்கடையில் விட்டால் எல்லார் வீட்டுச் செடியும் கருகும். சமையலறை எண்ணெயையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்ட வேண்டாம். குழந்தைகளின் டயப்பரும் நாப்கினும் கழிப்பறைக்குள் போகக் கூடாது. சல்லடையைச் சுத்தம் செய்வது ஒரு மனிதர் என்பதை வீடுதோறும் சொல்லுங்கள்.

அந்த மனிதரைப் பற்றி இன்னும் ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும், ஐந்து நிமிடத்துக்கென்றாலும், யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். மூடிய தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றப் போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் செத்த கதைகள் நம் மாநிலத்தில் எத்தனையோ. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்யக்கூடாதது இது. பம்பை மேலிருந்தே சங்கிலியில் தூக்கும்படியும், சேற்றை லாரிக் குழாய் போட்டு உறிஞ்சும்படியும் கட்டும்போதே அமையுங்கள். மூடிகளுக்குப் பூட்டு போட்டு, சாவியைச் சங்கப் பொறுப்பாளர் வைத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்து மிச்சம்

ஐப்பசி கார்த்திகையில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படாது. ஃபிளஷ் போக மிச்சம் முழுக்க நிற்கும். அப்போது எல்லோருக்கும் தோன்றுவது, பக்கத்து வரத்துக்காலில் திறந்துவிடலாம் என்பது. வேண்டாம். வரத்துக்கால் போய்ச் சேருவது யாரோ குடிக்கும் ஊருணியாக இருக்கலாம், மீன் வளர்க்கும் கண்மாயாக இருக்கலாம். நிலையம் ஒருநாள் மக்கர் செய்தால் போதும், ஊரோடு பகை. மனைப்பிரிவின் எல்லையோரமாக மர வரிசை ஒன்று நட்டு, அதற்குள் வாய்க்கால் வெட்டி விடுவது நல்லது. மேல்மண்ணுக்கு அடியில் செம்பூரான் கல் இருக்கும் இடத்தில் நீர் எப்படி இறங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் முதலில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். உறிஞ்சுகுழி அமைத்தால் எந்தக் கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்க வேண்டும். சுத்திகரித்த நீரை நேரடியாக போருக்குள் விடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். போருக்குள் விட வேண்டியது மொட்டை மாடி மழைநீர் மட்டும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்தானே. மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கும் சேரக் கூடாது. சேர்ந்தால் ஒரே மழையில் நிலையத்தின் நுண்ணுயிர் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

செலவும் ஒப்படைப்பும்

நிலையம் கட்டும் செலவை எல்லோரும் கேட்கிறார்கள், ஓட்டும் செலவை யாரும் கேட்பதில்லை. மின்சாரம், ஆபரேட்டர் சம்பளம், குளோரின், ஆய்வக அறிக்கை, சேறு எடுக்கும் லாரி, சில வருடத்துக்கு ஒருமுறை பம்ப்பும் ஊதுகருவியும் மாற்றுவது, இவற்றை மாதக் கணக்காக்கி வீட்டுக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். பூட்டிய வீட்டுக்காரரும் கொடுக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சங்க விதியில் எழுதுங்கள். பின்னால் எழுதப் போனால் சண்டைதான். அந்தக் கணக்கோடு, போன கோடையில் வாங்கிய லாரித் தண்ணீர் ரசீதுகளை வைத்து ஒப்பிட்டுக் காட்டினால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

புரமோட்டர் கட்டிக் கொடுக்கும் நிலையம் என்றால், சாவியை வாங்கும் முன் இவை கையில் இருக்க வேண்டும்: குழாய்கள் போன வழியைக் காட்டும் உண்மையான வரைபடம், இசைவாணை நகல், கடைசி மூன்று மாத ஆய்வக அறிக்கை, பம்ப்களின் உத்தரவாத அட்டை, ஒரு வருடம் அவர்களே ஓட்டித் தருவதற்கான எழுத்து மூல ஒப்பந்தம். ஆரஞ்சு நிறச் சோதனையை அவர் ஆட்களை வைத்துக்கொண்டே எல்லா வீட்டிலும் செய்யுங்கள். பூட்டிய வீடுகளின் சாவியையும் வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் கலந்திருந்தாலும் சரிசெய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.